எச்ஓ ஸ்கேல்ல நம்ம ஆல்கோ டபிள்யூடிஎம்2: பாடியை வெட்டி ஒட்டறதா, ஷீட்ல கட்டறதா, பிரிண்ட் எடுக்கறதா?

எச்ஓ ஸ்கேல்ல, அதாவது அசலை 87ல ஒரு பங்கா சுருக்கற மாடல் ரயில் அளவுல, நம்ம ரயில்வேயோட டீசல் எஞ்சின் டபிள்யூடிஎம்2 ஒண்ணு செஞ்சு ஓட்டணும்னு ஆசைப்படற எல்லாரும் முதல்ல கேக்கறது பாடியைப் பத்தித்தான். அமெரிக்க ஆல்கோ மாடல் ஒண்ணு வாங்கி அதோட ஷெல்லை வெட்டி மாத்தி கிட்பேஷ் பண்றதா, இல்ல ஸ்டைரீன் ஷீட்ல (மெல்லிய பிளாஸ்டிக் தகடு) மொத்தமா நாமளே கட்டறதா, இல்ல யாராவது கேட் (CAD) ஃபைல், அதாவது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச டிசைன், போட்டுக் குடுத்தா த்ரீடி பிரிண்ட் எடுத்துடலாமா. மூணுக்கும் ஆதரவா ஆள் இருக்காங்க, மூணுலயும் முடிஞ்ச எஞ்சினும் பார்த்தாச்சு, பாதில நின்னு டப்பால தூங்கற எஞ்சினும் பார்த்தாச்சு. என்னைக் கேட்டா சேசிஸை, அதாவது மோட்டாரும் சக்கரமும் இருக்கற கீழ்ப்பாகத்தை, முடிவு பண்ணாம பாடியைப் பத்தி பேசறதே வேஸ்ட்டு, ஏன்னா அந்த ட்ரைமவுண்ட் போகியை (மூணு ஆக்சில் இருக்கற சக்கர வண்டி) வீட்ல யாரும் செய்ய முடியாது, மேல இருக்கறதை எல்லாம் யாரும் செய்யலாம். அதனால காசு மொத்தமும் சேசிஸுக்கு, பாடி ஸ்டைரீன் ஷீட்ல, சின்னச் சின்ன டீடெயில் மட்டும் பிரிண்ட். இதான் என் ஓட்டு, ஏன்னு கீழ சொல்றேன், உங்களுக்கு வேற வழி செட் ஆகும்னா அது எப்பங்கறதையும் சொல்றேன்.

முதல்ல அசல் எஞ்சின் அளவு. டபிள்யூடிஎம்2ங்கறது அமெரிக்காவுல ஸ்கெனெக்டடி ஊர்ல இருந்த ஆல்கோ கம்பெனியோட டிஎல்560சி டிசைன், 16 சிலிண்டர் 251பி எஞ்சின், 2,600 குதிரைத்திறன். 1962ல அங்கருந்து வந்து இறங்க ஆரம்பிச்சுது, 1964லருந்து வாரணாசி டிஎல்டபிள்யூ தொழிற்சாலைல நம்ம ஆளுங்களே செஞ்சாங்க. ஆல்கோ 1969ல கடையை மூடின பிறகும் நாம செஞ்சுகிட்டே இருந்தோம், மொத்தம் ரெண்டாயிரத்துக்கும் மேல வந்திருக்கு, ஈரோடு, பொன்மலை ஷெட் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த ஐட்லிங் சத்தம் தூக்கத்துலயும் கேக்கும். பஃபர் முனையிலருந்து பஃபர் முனை வரைக்கும் 17,120 மி.மீ., அகலம் 2,864, உயரம் 4,185, சக்கரம் 1,092. எச்ஓ விகிதம் துல்லியமா 87.1, அதால வகுத்தா நீளம் 196.6, அகலம் 33க்கு ஒரு முடி கம்மி, உயரம் 48, சக்கரம் 12.5 மி.மீ. பஃபரைக் கழிச்சா தளம் மட்டும் 182 போல வரும். இந்த நாலஞ்சு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி ஒர்க் பெஞ்ச்சுக்கு மேல ஒட்டிக்குங்க, ஏன்னா இனிமே எல்லா முடிவும் இந்த நம்பரை வெச்சுத்தான்.

தண்டவாள அகலம்தான் பெரிய தலைவலின்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க. நம்ம பிராட் கேஜ் 1,676 மி.மீ., எச்ஓல அது 19.2 வரணும், ஆனா கடையில கிடைக்கற எச்ஓ ட்ராக் 16.5. தானே ட்ராக் போட்டு, தானே ஆக்சில் கடைஞ்சு சரியான அகலத்துல ஓட்டறதுன்னா வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு எஞ்சின், ஒரே ஒரு கோச், பத்து அடி ட்ராக்கோட நின்னுடும். 16.5லயே ஓட்டுங்க, ஆனா ஒரு சின்ன வேலை பண்ணலாம், பின்னாடி சொல்றேன்.

சேசிஸுக்கு வருவோம். வேணுங்கறது ஆறு ஆக்சில், ட்ரைமவுண்ட் போகி. இந்த போகில மூணு ஆக்சிலும் சம தூரத்துல இருக்காது, நடு ஆக்சில் ஒரு பக்கமா தள்ளி உக்காந்திருக்கும், நம்ம ஆல்கோவை ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) எஞ்சின்லருந்து தூரத்துலயே பிரிச்சுக் காட்டறது பாதி இந்த கோணல்தான். அதனால ஏதோ ஆறு சக்கர ஜிஎம் சேசிஸ் மலிவா கிடைச்சுதுன்னு வாங்கி மேல அழகா பாடி வெச்சாலும் பார்க்கறவன் ஏதோ இடிக்குதேன்னு சொல்லுவான், என்னன்னு அவனுக்கே தெரியாது.

ட்ரைமவுண்ட் இருக்கற எச்ஓ மாடல்ல எனக்குப் புடிச்சது அட்லஸ் கம்பெனி மாடல் ஆர்எஸ்டி-12, அசல்ல அது ஆல்கோவோட அமெரிக்க எஞ்சின். 1980கள்ல அட்லஸுக்காக ஜப்பானோட காட்டோ செஞ்சு குடுத்த சரக்கு இது, இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட்ல சுத்திகிட்டிருக்கு, மெக்கானிசம் அவ்வளவு ஸ்மூத். அசல் ஆர்எஸ்டி-12 கப்ளரோட சேர்த்து 17.7 மீட்டர் போல, எச்ஓல 203, நம்ம எஞ்சினுக்கு இதை விட பக்கத்துல எதுவும் வராது. அதே காலத்துல வந்த ஆர்எஸ்டி-4/5 கூட ஓகே. ரெண்டுலயும் பிரச்னை என்னன்னா பழைய சரக்குல டிகோடர் (டிஜிட்டலா எஞ்சினை ஓட்டற சர்க்யூட்) சாக்கெட் எதிர்பார்க்க முடியாது, வயரை நாமதான் பிரிச்சு சால்டர் பண்ணணும், அதுக்கு முன்னாடி மோட்டார் டெர்மினல் எதுவும் ஃப்ரேமோட தொட்டுகிட்டிருக்கான்னு மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துடுங்க, தொட்டுகிட்டிருந்தா டிகோடர் அந்த நிமிஷமே புகைஞ்சிடும். சக்கரம் அமெரிக்க 40 இன்ச், எச்ஓல 11.7 மி.மீ., நமக்கு வேணுங்கறது 12.5, முக்கால் மில்லிமீட்டர் சின்னது, ஓடும்போது ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க, விட்டுடுங்க.

புதுசா வேணும், சவுண்டோட வேணும்னா பவுசர் சி-628, பிராட்வே லிமிடெட் ஆர்எஸ்டி-15 மாதிரி ஆளுங்க இருக்காங்க. ஓட்டம் அருமை, டிகோடர் உள்ளயே வரும், ஆனா சவுண்டோட 200 டாலரைத் தாண்டும், அதுக்கு மேல தபால் செலவு, கஸ்டம்ஸ். அதை விட பெரிய விஷயம் நீளம். சி-628 எச்ஓல 243 மி.மீ., ஆர்எஸ்டி-15 233 போல. அப்ப நாற்பது மில்லிமீட்டர் ஃப்ரேமை நடுவுல வெட்டி எடுத்து, பித்தளைப் பட்டை வெச்சு ஸ்க்ரூ போட்டு இணைச்சு, மோட்டார்லருந்து போகிக்குப் போற ஷாஃப்டையும் குறைக்கணும். ஃப்ரேம் வார்ப்பு உலோகம், ஹேக்சா கொஞ்சம் கோணலாப் போச்சுன்னா எஞ்சின் தண்டவாளத்துல நொண்டும். லேத், மில்லிங் பக்கம் கை பழகினவங்க தாராளமா செய்யலாம், மத்தவங்களுக்கு வேண்டாம். பவுசர்லயே சி-630ம் இருக்கு, அதுல ஹை-அட்ஹீஷன் போகியோட வர்ற வகையும் உண்டு, அது வேற மூஞ்சி, படத்தை ஜூம் பண்ணிப் பார்க்காம ஆர்டர் போடாதீங்க.

சேசிஸ் வந்ததும் முதல் வேலையா அந்த 16.5 விஷயத்தை சரிக்கட்டணும். போகி பக்கவாட்டு ஃப்ரேம் பிளாஸ்டிக்ல தனியா கழண்டு வரும், அதுக்குப் பின்னாடி ஒவ்வொரு பக்கமும் 1.3 மி.மீ. ஸ்டைரீன் துண்டு வெச்சு வெளிய தள்ளி ஒட்டிடுங்க. 19.2க்கும் 16.5க்கும் இருக்கற வித்தியாசத்துல பாதி அதான். சக்கரம் உள்ளயேதான் இருக்கும், ஆனா பக்கத்துலருந்து பார்க்கறப்ப போகி பாடிக்கு நேரா வந்து உக்காந்துடும், முன்னாடிலருந்து பார்த்தாலும் ஒல்லிக்கால் மாதிரி தெரியாது. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் குடுக்கறது இந்த எஞ்சின்ல வேற எதுவும் இல்ல. ஆனா ஃப்ரேமைத் தள்ளின பிறகு வளைவுல படிக்கட்டு, கவ் கேச்சர் எல்லாம் உரசுதான்னு பாருங்க, 18 இன்ச் ரேடியஸ்ல கஷ்டம், 22ம் அதுக்கு மேலயும் நிம்மதி.

இப்ப பாடி. மூணு வழில முதல் வழி, ஆர்எஸ்டி-12 ஷெல்லையே வெட்டி மாத்தறது, கிட்பேஷ்னா அகராதில இதான். கேக்கறதுக்கு சுலபமா தெரியும், ரெண்டுமே ஆல்கோதானே, அண்ணன் தம்பி மாதிரி இருக்குமேன்னு. கிட்ட வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அமெரிக்க பாடி நம்மளதை விட ரெண்டு மில்லிமீட்டர் போல உயரம், அகலமும் அதிகம், ஆமா, தண்டவாளம் அவங்களது குறுகல், எஞ்சின் அகலம் நம்மளது குறுகல், நம்பக் கஷ்டமா இருக்கும் ஆனா அப்படித்தான். அதனால உயரத்துல ஒரு வெட்டு, தளத்துல ரெண்டு பக்கமும் ஒரு வெட்டு, கேப் (டிரைவர் அறை) ஜன்னல் அமைப்பு வேற அதனால கேப் முழுசா புதுசு, ரேடியேட்டர் பக்கம் வேற, ஹூட் (எஞ்சினை மூடற நீளப் பெட்டி) கதவு வரிசை வேற. இதெல்லாம் போக மிஞ்சறது கூரையோட உருண்ட விளிம்பும் ஏழெட்டு கதவும்தான். அதுக்காக நல்ல ஷெல்லை வெட்டணுமா? ஷெல்லை அப்படியே வித்தா சேசிஸ் விலைல ஒரு பங்கு திரும்பி வருமே. வெட்டினாலும் கடைசில நம்ம கலர் அடிச்ச அமெரிக்க எஞ்சின் மாதிரியே நிக்கும், தெரிஞ்சவங்க கண்ணுக்கு அது உடனே பட்டுடும்.

ஆனா இந்த வழி யாருக்கு சரின்னா, தூரத்துல ஓடறப்ப ஆல்கோ மாதிரி இருந்தா போதும்னு நினைக்கறவங்களுக்கு. ரெண்டு வாரம் சாயந்திர நேரத்துல முடிஞ்சிடும். ஷார்ட் ஹூடை (கேப்புக்கு முன்னாடி இருக்கற குட்டை மூக்கு) மாத்தி, பஃபர் வெச்சு, ஹெட்லைட் மாத்தி, கலர் அடிச்சு ஓட்டிடலாம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, பொம்மை நம்மளது.

ரெண்டாவது வழி த்ரீடி பிரிண்ட். இப்ப எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, ஏதோ பட்டனை அமுக்கினா எஞ்சின் வந்து விழும்ங்கற மாதிரி. உண்மை நிலவரம் கொஞ்சம் வேற. ஃபிலமெண்ட் பிரிண்டர்ல வர்ற பாடில லேயர் கோடு இருக்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கோட்டோட சேர்ந்து கதவு கீல், தாழ்ப்பாள் எல்லாம் போயிடும், அதனால பாடிக்கு அது வேண்டாம். ரெசின் பிரிண்ட் அழகு, 0.05 மி.மீ. லேயர்ல கோடே தெரியாது. ஆனா வீட்ல வெச்சிருக்கற சின்ன ரெசின் மெஷின்ல உயரம் 150லருந்து 175 மி.மீ. வரைக்கும்தான், நம்ம தளமே 182. சாய்ச்சு வெச்சோ, ரெண்டு துண்டா போட்டோதான் எடுக்கணும், ரெண்டு துண்டுன்னா நடுவுல ஒரு ஜாயிண்ட், அதை மறைக்க மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு. பெரிய மெஷின் வெச்சிருக்கற கடையில குடுக்கலாம், அவங்க ரெசின் அளவுக்கு காசு போடுவாங்க. நீளமா மெல்லிசா இருக்கற பாடி க்யூர் ஆகறப்ப வளையறதும் உண்டு, அப்பளம் மாதிரி. சுவர் ஒரு மில்லிமீட்டராவது கனம் வேணும், அசல் அளவுக்கு அது 87 மி.மீ. தகடு, கேப் ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கோட்டைச் சுவர் மாதிரி தெரியும், உள்பக்கம் ராவி விளிம்பை மெல்லிசாக்கணும்.

எனக்கு இதுல இருக்கற உண்மையான குறை வேற. டபிள்யூடிஎம்2ன்னு ஒரே எஞ்சின் கிடையாது. ஆரம்ப கால எஞ்சின் ஒரு மாதிரி, நடுவுல வந்த ஜம்போ வேற மாதிரி, ஷார்ட் ஹூடைத் தாழ்த்தி கேப்புக்கு பெரிய ஜன்னல் வெச்சது அது, பின்னால 3,100 குதிரைத்திறனுக்கு ஏத்தின டபிள்யூடிஎம்3ஏல ஷார்ட் ஹூட் மேலயே டைனமிக் பிரேக் கிரிட் வந்து உக்காந்திருக்கும். அது போக ஒவ்வொரு ஷெட்டும் ஹெட்லைட், கிரில், ஹேண்ட்ரெயில், படிக்கட்டுன்னு ஏதாவது மாத்தியிருப்பாங்க. யாரோ வரைஞ்ச ஃபைல் அவரு பார்த்த எஞ்சினோட ஃபைல். உங்க மனசுல இருக்கற எஞ்சின், அதாவது குறிப்பிட்ட வருஷத்துல குறிப்பிட்ட ஷெட்ல இருந்த குறிப்பிட்ட நம்பர், அது வேணும்னா ஃபைலைத் திருத்தணும், திருத்தத் தெரியணும்னா கேட் கத்துக்கணும். அந்த நேரத்துல கத்தியும் ஸ்கேலும் வெச்சு ஹூட் ரெண்டு பக்கத்தையும் வெட்டிடலாம்.

பிரிண்ட் ஜெயிக்கற இடம் ஒண்ணு இருக்கு, மறைக்கக் கூடாது. ஒரே மாதிரி மூணு நாலு எஞ்சின் வேணும், க்ளப் லேஅவுட்டுக்கு டபுள் ஹெடிங் (ரெண்டு எஞ்சினைச் சேர்த்து) ஓட்டணும், நண்பர்கள் ஆளுக்கு ஒண்ணு கேக்கறாங்கன்னா அப்ப ஷீட்ல ஒவ்வொண்ணா வெட்டறது பைத்தியக்காரத்தனம். ஒரு தடவை வரைஞ்சு நிறைய தடவை எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். ஏற்கனவே கேட் வேலைல இருக்கற மெக்கானிக்கல் இன்ஜினியருக்கும் இதே பதில்தான், அவங்களுக்கு மவுஸ்தான் கத்தி.

மூணாவது, ஸ்டைரீன் ஷீட். எவர்க்ரீன் ஷீட், ஸ்ட்ரிப் கிடைச்சா நல்லது, நம்ம ஊர்ல எல்லா அளவும் ஸ்டாக்ல இருக்காது, ஆன்லைன்ல ஒட்டுமொத்தமா ஆர்டர் போட்டுடுங்க. 1 மி.மீ. ஷீட் உள் சட்டத்துக்கு, 0.5 கேப்புக்கு, 0.25 கதவுக்கு. சன்போர்டு உபயோகிக்கலாமான்னு கேப்பாங்க, அது ஃபோம், விளிம்பு நுரை நுரையா இருக்கும், பிளாட்ஃபார்ம் ஸ்டேஷன் கட்டலாம், எஞ்சினுக்கு வேண்டாம். பிவிசி ஐடி கார்டு ஷீட்டும் அப்படித்தான், டமியா செஞ்சு பார்க்க ஓகே, ஸ்டைரீன் ஒட்டற தண்ணி பசை அதை சரியா பிடிக்காது.

வரைபடத்துக்கு பெரிசா மெனக்கெட வேண்டாம். பக்கவாட்டுப் படம் ஒண்ணு கிடைச்சா ஜெராக்ஸ் கடையில ரெட்யூஸ் பண்ணி பஃபர் டூ பஃபர் 196.6 வர்ற மாதிரி எடுத்துக்குங்க, அதுல சக்கரம் 12.5 வந்தா படம் நம்பலாம், வரலைன்னா அந்தப் படத்துல நீளமும் உயரமும் ஒரே விகிதத்துல இல்லைன்னு அர்த்தம், வேற தேடுங்க. நேர்ல அளக்கணும்னா டெல்லி நேஷனல் ரயில் மியூசியத்துல முதல் டபிள்யூடிஎம்2, நம்பர் 18040, நிக்குது, ஆனா அது ஆரம்ப கால உருவம், உங்க 1990கள் எஞ்சினுக்கு அதையே காப்பி அடிக்காதீங்க.

கட்டற முறைல லாங் ஹூட் சும்மா ஒரு பெட்டி, அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கச் சுவர், குறுக்குத் தடுப்பு நாலஞ்சு, மேல கூரை. கூரை விளிம்பு உருண்டையா வரணும் பாருங்க, அங்கதான் ஆளுங்க தடுமாறுவாங்க. ஒரு மில்லிமீட்டர் ஷீட்டை மூணு அடுக்கா ஒட்டி ஒரு நாள் முழுக்க காய விட்டு, அதுக்கப்புறம் அரத்தாலயும் உப்புத்தாளாலயும் உருட்டணும், அட்டையில வளைவை வெட்டி டெம்ப்ளேட் வெச்சுகிட்டு அப்பப்ப வெச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். சின்னப் பள்ளத்துக்கு கார் பெயிண்ட் கடை புட்டி, பெரிய பள்ளத்துக்கு எம்-சீல். கதவு எல்லாம் 0.25 ஷீட்ல சின்னச் செவ்வகமா வெட்டி மேல ஒட்டறதுதான், ஒரு உக்காரல்ல எல்லாக் கதவையும் வெட்டி வரிசையா டேப்ல ஒட்டி வெச்சுக்குங்க, ஒவ்வொண்ணா வெட்டினா கடைசிக் கதவு முதல் கதவை விட அகலமாயிருக்கும், கை அப்படித்தான் நழுவும். ரேடியேட்டர் ஷட்டருக்கு மெல்லிய ஸ்ட்ரிப்பை நிமித்தி வெச்சு வரிசையா ஒட்டணும், பொறுமை வேணும், ஆனா பிரைமர் அடிச்சு வெளிச்சத்துல பார்த்தா பிரிண்ட் பக்கத்துலயே வராது.

முதல் தடவை ஷீட்ல செய்யறவங்களுக்கு ஒரு ஐடியா, ஜம்போவை எடுத்துக்குங்க. உயரமான உருண்ட ஷார்ட் ஹூட் கிடையாது, மூஞ்சில பெரிய ஜன்னல், நிறைய தட்டையான பரப்பு, ஷீட்டுக்குன்னே டிசைன் பண்ணின மாதிரி. தாழ்ந்த மூக்கோட வித்தியாசமா இருக்கறதால பார்க்கறவங்க நின்னு கேப்பாங்க.

ஷீட் பாடி காத்து மாதிரி லேசா இருக்கும், அதனால இழுவை குறையும். டயர் கடையில சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டற வெயிட் பட்டை கிடைக்கும், பின்னாடி டபுள் டேப்போட வருது, அதை கூரைக்கு அடில ரெண்டு போகிக்கும் சமமா பிரிச்சு ஒட்டிடுங்க. ஒரே பக்கம் குவிச்சா மேட்டுல சக்கரம் சுத்திகிட்டே நிக்கும்.

டீடெயில் விஷயத்துல ஸ்க்ராட்ச், வாங்கினது, பிரிண்ட் மூணையும் கலக்கறதுதான் என் பழக்கம், இதுல கொள்கை எல்லாம் பார்க்கறது இல்ல. ஹேண்ட்ரெயில் கண்டிப்பா கம்பிதான், பிளாஸ்டிக்ல வேண்டவே வேண்டாம். இமிடேஷன் நகை செய்யற சாமான் கடையில 26 கேஜ் பித்தளைக் கம்பி 0.4 மி.மீ., அசல் குழாய் கனத்துக்கு ரொம்ப நெருக்கம், சுருளா வர்றதால ஒரு முனையை வைஸ்ல பிடிச்சு கட்டிங் பிளேயர்ல இழுத்தா நேராயிடும். கைப்பிடி மாதிரி சின்ன ஐட்டத்துக்கு கிட்டார் முதல் கம்பி, 0.25, வளைக்கறப்ப கண்ணாடி போட்டுக்குங்க, எஃகு தெறிக்கும். கிரில்லுக்கு டீ வடிகட்டி வலை, அதோட கண்ணி பொடிசு, ஜன்னல் கொசுவலை கண்ணி எச்ஓக்கு பெரிசு. ஏர் ரிசர்வாயருக்கு பால்பென் ரீஃபில் குழாய் அளவு பார்த்து வெட்டி ரெண்டு முனையும் புட்டி வெச்சு உருட்டினா போதும். பஃபர் மட்டும் வாங்கிடுங்க, ஐரோப்பிய எச்ஓ ஸ்பேர் பஃபர் கிடைக்கும், ஆனா ரெண்டு பஃபருக்கு நடுவுல இருக்கற தூரம் நம்ம ஊர்ல அவங்களை விட அகலம், அவங்க பஃபர் பீமை அப்படியே ஒட்டினா ரெண்டு கண்ணும் மூக்குக்கிட்ட வந்த மாதிரி ஆயிடும். ஹாரன், ரூஃப் ஃபேன், லூவர், ஹெட்லைட் கூடு, இந்த நாலும் ரெசின் பிரிண்ட்ல எடுங்க, பிரிண்டரோட உண்மையான பலம் இந்த அளவு சாமான்லதான், ஒரே பிளேட்ல பத்து எஞ்சினுக்கு வந்துடும், உடைஞ்சாலும் கவலை இல்ல. ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிக்விக் கிட்டவே கொண்டு போகாதீங்க, அதோட ஆவி பட்டு பிளாஸ்டிக் வெள்ளையா பூத்துடும், சாதா வெள்ளை ஃபெவிகால் போதும்.

இடம் இல்ல, ஃப்ளாட்ல இருக்கோம், N ஸ்கேல்ல (1:160) செய்யலாமான்னு கேட்டா, எஞ்சின் 107 மி.மீ., அட்லஸ் ஆர்எஸ்டி-12 அங்கயும் இருக்கு, ஆனா ஹேண்ட்ரெயில் 0.2 மி.மீ.க்கு வந்துடுது, கையால செய்யற டீடெயில்ல பாதி கண்ணுக்கே தெரியாது, அங்க நான் பிரிண்ட் பாடிக்கே ஓட்டு போடுவேன், இந்தக் கட்டுரைல சொன்ன மத்த எல்லாம் அங்க தலைகீழ். எழும்பூர்லருந்து தெற்க போன மீட்டர் கேஜ் ஒய்டிஎம்4 வேணும்ங்கறவங்களுக்கு கேஜ் விஷயத்துல அதிர்ஷ்டம், எச்ஓல மீட்டர் கேஜ் 11.5, கடையில கிடைக்கற 12 மி.மீ. டிடி (TT) ஸ்கேல் ட்ராக் கிட்டத்தட்ட சரியா வருது, ஆனா ட்ரைமவுண்ட் தேட முடியாது, டிடி ஆறு ஆக்சில் சேசிஸ் எதையாவது எடுத்து போகி பக்கவாட்டை நீங்களேதான் செய்யணும், அது தனிக் கதை.

பெயிண்ட்டுக்கு முன்னாடி எழுத்தைப் பத்தி யோசிச்சுடுங்க. சாதா பிரிண்டர் வெள்ளை இங்க் அடிக்காது, அதனால கரும் நீலம், கரும் பச்சை பாடில வெள்ளையா ஐந்து இலக்க நம்பர் வேணும்னா வெள்ளை டோனர் இருக்கற ஆளைத் தேடணும். ஸ்டிக்கர் கடை வினைல் இந்த அளவுக்கு ரொம்ப கனம், எழுத்து மேல எழும்பி நிக்கும். க்ரீம் பட்டை மேல கறுப்பு நம்பர் வர்ற மாதிரி ஷெட் கலரா பார்த்து தேர்ந்தெடுத்தா சாதா லேசர் பிரிண்ட் டெக்கால் பேப்பர்லயே முடிஞ்சிடும், ஷெட்டுக்கு ஷெட் கலர் வேற வேறயா இருந்தது இதுக்காவது உதவட்டும்.

சவுண்ட் டிகோடர் போடறதா இருந்தா ஆல்கோன்னு எழுதியிருந்தா போதும்னு வாங்காதீங்க. ஆர்எஸ்டி-12 அசல்ல 12 சிலிண்டர், ஆர்எஸ்டி-4/5ல 251 எஞ்சினே கிடையாது, பழைய 244. நமக்கு வேணுங்கறது 16 சிலிண்டர் 251, சேசிஸ் எதுவா இருந்தாலும் சவுண்ட் ஃபைல் சி-628க்கோ ஆர்எஸ்டி-15க்கோ போட்டதை எடுங்க, ஈஎஸ்யு கம்பெனியோட லோக்சவுண்ட் டிகோடர்ல ஃபைலை மாத்தி ஏத்திக்கலாம். ஸ்பீக்கருக்கு நல்ல இடம் ரேடியேட்டர் பக்கத்து கூரைக்கு அடில, மேல ஃபேன் கிரில் வழியா சத்தம் வெளிய வரும். அதனால லாங் ஹூட் கடைசிக் கூரையை ஒட்டி மூடாம ரெண்டு ஸ்க்ரூவுல விட்டுடுங்க, வெயிட் பட்டையையும் அந்த இடத்துல ஒட்டாதீங்க.